உலையில் போட்ட மாதா பதக்கம்

எங்கள் வீட்டுக் குண்டான் ஆகாயத்தில் பறக்கப்போகிறது என்று கம்பைநல்லூர் பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன். எனக்கு அதைச் சொன்னவர் என் தாய்மாமன். பெங்களூரில் ஒரு வார்ப்படப் பட்டறையில் நான்கு வருஷம் திட்டு வாங்கிக்கொண்டு வேலை பார்த்துவிட்டு, அதை உதறிவிட்டு வந்து எங்கள் கொல்லையில் உலை போட்டிருந்தார். ஓட்டை அலுமினியப் பாத்திரங்களை உருக்கி, அளவாகச் செம்பு சேர்த்து, விமானம் கட்டுகிற உலோகமாக்குவது அவர் திட்டம். ஒரு கம்பெனி, சோதித்துப் பார்க்க ஓர் உலோகக் கட்டி கேட்டிருந்தது. சோதனையில் தேறினால் இங்கேயே சொந்தப் பட்டறை. தேறாவிட்டால் பழைய இடத்திலேயே போய்க் கைகட்டி நிற்க வேண்டும். "செத்தாலும் அங்க போவ மாட்டேங்க்கா" என்று அம்மாவிடம் சொல்லியிருந்தார்.

மூன்று மாதம் அரூர் வரை அலைந்து பாத்திரம் சேர்த்தார். உடைந்த ரேடியோவிலிருந்து எடுத்த காந்தத்தை என்னிடம் கொடுத்து, ஒன்பது வயதில் என்னைச் சோதனை அதிகாரி ஆக்கினார். இரும்பு துளி கலந்தாலும் எல்லாம் பாழ் என்பார். கைப்பிடி, மூடியின் ஆணி, எதையும் நான் விடவில்லை. காந்தம் டக்கென்று கவ்வும்போதெல்லாம் திருடனைப் பிடித்ததுபோலக் கூச்சல் போடுவேன். காந்தத்தில் ஒட்டாததெல்லாம் நல்லது என்பது என் சட்டம்.

உருக்கும் நாளில் பள்ளிக்கு மட்டம் போட்டுவிட்டுத் துருத்திச் சக்கரத்தைச் சுற்றினேன். உருக்கும் மண்கிண்ணமான மூசைக்குள் பாத்திரங்கள் குழைந்து பளபளவென்று தளும்பியதைப் பார்த்ததும் எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. அப்போதுதான் அந்த யோசனை வந்தது. பறக்கிறது கீழே விழுந்துவிட்டால்? சர்ச்சில் முதன்முதலாகப் புதுநன்மை வாங்கியபோது போட்ட மாதா பதக்கம் என் கழுத்தில் கிடந்தது. காந்தம் வைத்துப் பார்த்தேன், ஒட்டவில்லை. மாமா செம்புக் கம்பியை எடுக்கத் திரும்பிய நேரத்தில் கயிற்றை அறுத்துப் பதக்கத்தை உள்ளே போட்டுவிட்டேன்.

வார்த்த கட்டி ஆறியது. மாமா அதை வெள்ளைத் துணியில் சுற்றும்போது பெருமை தாங்காமல் சொல்லிவிட்டேன்.

"இனிமே வுழாதுங்க மாமா. மாதாவ உள்ள போட்டுட்டேன்."

அம்மா மாமாவைப் பார்த்துச் சொன்னாள். "தம்பி, அது ஈயம்டா."

விமான உலோகத்துக்கு ஈயமும் ஆகாது என்று மாமா எனக்குச் சொல்லித் தந்ததில்லை. மறுபடி உருக்கப் பாத்திரம் கிடையாது. கம்பெனி வைத்த கெடுவோ மறுநாள். அம்மா என் முதுகில் ஒன்று வைக்கக் கை ஓங்கினாள். மாமா குறுக்கே வந்தார்.

"வுடுங்க்கா, புள்ள நல்லதுக்குத்தான போட்டுச்சு" என்று சொல்லிவிட்டு, துணியை இறுக்கி முடிச்சுப் போட்டு எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார்.

பத்து நாள் கழித்துக் கடிதம் வந்தது. மாமா நின்றபடியே படித்தார்.

"பாஸுங்களா மாமா?"

"பாஸ் புள்ள" என்றார்.

அன்று நான் ஓடாத தெரு இல்லை, சொல்லாத வீடு இல்லை. மாதா காப்பாற்றிவிட்டாள் என்று ஊரையே இரண்டு பண்ணினேன். அந்த வாரமே மாமா உலையை இடித்துச் செங்கல்லைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தார். தகரப் பெட்டியோடு பெங்களூர் பஸ் ஏறினார். அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். சந்தோஷம் அதிகமானால் பெரியவர்கள் அழுவார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். விமானம் கட்ட மாமாவையே கூப்பிட்டுவிட்டார்கள் என்று கத்திக்கொண்டு, மூச்சு வாங்கும்வரை பஸ்ஸின் பின்னாலேயே ஓடினேன்.