ஆறாவது சிரிப்பு

பேய்க்கதை என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்ப் பாத்திரம் கழுவுகிற ஆள் நான். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போவேன், ராத்திரி ஜெபமாலை சொல்வேன், அதோடு சரி. நான் சொல்வதைக் கேட்டு நீங்கள் சிரித்தால் எனக்குக் கோபம் வராது, வேறு யாராவது சொல்லியிருந்தால் நானே சிரித்திருப்பேன். ஆனால் நடந்தது நடந்ததுதான், அதுவும் பட்டப்பகலில், சிங்கப்பூரில், தெம்பனிஸிலிருந்து பஸ்ஸில் பத்து நிமிஷம் கூட இல்லாத ஓர் இடத்தில்.

என் பெயர் ரீட்டா. லிட்டில் இந்தியாவில் ஒரு பார்லரில் கல்யாணப் பெண்களுக்கு மேக்கப் போடுகிறவள். நாடகம், சினிமா என்று யாராவது கூப்பிட்டால் அதற்கும் போவேன். போன வருஷம் ஒரு டைரக்டர் கூப்பிட்டார். பாலைவனத்தைத் தாண்டி, கள்ளத்தனமாக எல்லை கடந்து வேலைக்குப் போகிற ஆறு பேரின் கதை. கூட்டிப்போன ஏஜென்ட் நடுவழியில் விட்டுவிட்டு ஓடிவிடுகிறான், ஆறு பேரும் தாகத்தில் செத்துப்போகிறார்கள். கதையைச் சொல்லும்போதே அவர் கண் கலங்கியது. "இந்தச் சனங்களோட வலிய உலகம் பாக்கணும்கா" என்றார். நானும் உருகிப்போய்ச் சரி என்றேன். இப்போது அதை நினைத்தாலே எனக்குக் குமட்டுகிறது.

சிங்கப்பூரில் பாலைவனத்துக்கு எங்கே போவது? கட்டடம் கட்டுவதற்காக எந்தெந்த நாட்டிலிருந்தோ கப்பலில் வந்த மணலைக் குன்று குன்றாகக் குவித்து, சுற்றிலும் தகரத் தடுப்பு போட்டிருந்த இடத்தில்தான் படப்பிடிப்பு. நடிக்க வந்த ஆறு பேரும் ஞாயிறு லீவுக்கு லிட்டில் இந்தியா பக்கம் வரும் தொழிலாளிகள். வொர்க் பெர்மிட்டில் இருப்பவர்கள் வேறு வேலைக்குப் போகக் கூடாது, மாட்டினால் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். அது டைரக்டருக்கு நன்றாகவே தெரியும். "நடிக்கிறது வேலையா என்ன, ஆசைப்பட்டு வராங்க லா" என்று சொல்லிவிட்டார். சட்டத்துக்குப் புறம்பாக எல்லை தாண்டுகிறவர்களுக்காகக் கண்ணீர் விடுகிற படத்தை நாங்கள் எடுத்த லட்சணம் இது.

என் யோக்கியதையையும் சொல்லிவிடுகிறேன். வெடித்த உதடு செய்வதற்கு ஒரு முறை இருக்கிறது. டிஷ்யூ பேப்பரை மெல்லிசாகப் பிரித்து, உதட்டில் பசை தடவி ஒட்டி, காய்ந்ததும் நகத்தால் கீறிவிட வேண்டும். பார்ப்பதற்கு அசலாக இருக்கும், ஆனால் நனைந்தால் போச்சு, மறுபடியும் முதலிலிருந்து ஒட்ட வேண்டும். ஆறு பேருக்கும் ஒட்டி முடிக்க எனக்கு இரண்டு மணி நேரம் ஆனது. அந்த எரிச்சலில் நானேதான் சொன்னேன், ஷூட்டிங் முடிகிறவரை யாரும் தண்ணீர் குடிக்கக் கூடாது என்று. டைரக்டருக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. தண்ணீர்ப் பெட்டிகளை வேனில் வைத்துப் பூட்டி, சாவியை என் கையில் கொடுத்தார். செல்வராசு என்று ஒருவர், புதுக்கோட்டைக்காரர், ஆறு பேரில் அவர்தான் கலகலப்பானவர். அவர் மட்டும் மத்தியானம் வந்து, உதட்டில் படாமல் ஒரு மடக்கு ஊற்றிக்கொள்கிறேனே அக்கா என்று கேட்டார். இன்னும் கொஞ்ச நேரம்தான் பொறுத்துக்கங்க என்று நான் அனுப்பிவிட்டேன்.

அந்தக் கொஞ்ச நேரம் மூன்று மணி நேரம் ஆனது. பிணங்கள் கிடப்பதை மேலிருந்து ட்ரோனில் எடுத்தார்கள், மேகம் மறைக்கிறது என்று திரும்பத் திரும்ப எடுத்தார்கள். ஐந்து பேர் ஒரே இடத்தில் கிடந்தார்கள். கதைப்படி செல்வராசு வழிதவறித் தனியாகச் சாகிறவர், அதனால் அவரை இரண்டாவது மணல் மேட்டுக்குப் பின்னால் கொண்டுபோய்க் கிடத்தியிருந்தார்கள். கீழே நின்ற எங்களுக்கு அவர் தெரியவே மாட்டார்.

கட் சொன்னதும் கேமராமேன் பாலா அண்ணன் என்னிடம் வந்து, எல்லாரையும் சிரிக்க வைத்து ஒரு படம் எடுத்துவிடு என்றார். சினிமாக்காரர்கள் வழக்கம் அது. பிணமாக நடித்தவர் எழுந்ததும் கேமராவைப் பார்த்துச் சிரிக்க வேண்டும், இல்லாவிட்டால் நடித்தவருக்கு ஆகாதாம். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை, ஆனாலும் பெரியவர் சொல்கிறாரே என்று என் ஃபோனிலேயே எடுத்தேன். ஐந்து பேரும் சிரித்தார்கள். சிரித்தபோது ஐந்து பேருக்கும் உதட்டோரத்தில் பேப்பர் வெள்ளையாகத் தூக்கிக்கொண்டது.

ஆறாவது படத்துக்காக இரண்டாவது மேட்டைப் பார்த்து நடந்தேன். மேட்டுக்கு இந்தப் பக்கம், அடிவாரத்திலேயே ஒருவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். எல்லாருக்கும் ஒரே மாதிரி சாம்பல் நிறச் சட்டைதான், முகத்தில் துணி சுற்றியிருந்தது. செல்வராசுதான் எழுந்து வந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன். சிரிங்கண்ணே என்றேன். துணியை இறக்கிவிட்டுச் சிரித்தார். அந்த உதட்டைப் பார்த்து, நாம் நன்றாகத்தான் செய்திருக்கிறோம் என்று எனக்குப் பெருமையாக இருந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் மனசு கேட்காமல் என் கைப்பையிலிருந்த என் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தேன். வாங்கினார், திறக்கவில்லை. பாட்டிலாலேயே மேட்டுக்குப் பின்பக்கத்தைக் காட்டினார். ஒன்றுக்குப் போகக் கேட்கிறார் போலிருக்கிறது என்று, போய்ட்டு வாங்க என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன்.

வேனைத் திறந்து எல்லாருக்கும் தண்ணீர் கொடுத்து, பூட்டி, ஐந்து பேர் முகத்தையும் துடைத்தேன். ஆறாவது ஆள் வரவில்லை. டைரக்டர் அவசரப்பட்டார். ஆறு பேர் சிரித்த படமும் இருக்கிறதே, அந்த ஆள் தன்பாட்டுக்குப் பஸ் ஏறிப் போயிருப்பான், பேக் பண்ணுங்கள் என்றார். எதற்கும் பார்ப்போம் என்று ஃபோனைத் திறந்தேன். ஆறாவது படத்தில் உதட்டோரத்தில் பேப்பர் தூக்கவில்லை. பேப்பரே இல்லை. கீழுதடு நடுவில் பிளந்து உள்சதை தெரிந்தது. முகமும் செல்வராசு முகம் இல்லை, நான் அன்றைக்குத் தொட்ட எந்த முகமும் இல்லை.

பாட்டிலால் அவர் எதைக் காட்டினார் என்று அப்போதுதான் உறைத்தது. மேட்டைச் சுற்றி ஓடினேன். செல்வராசு கிடத்திய இடத்திலேயே கிடந்தார், கூப்பிட்டால் பேச்சு இல்லை, உடம்பு அடுப்பு மாதிரி கொதித்தது, மூச்சு மட்டும் இழுத்துக்கொண்டிருந்தது. தலைமாட்டில் என் பாட்டில், காலியாக. நம்பினால் நம்புங்கள், நான் ஒட்டிய பேப்பர் ஒரு துணுக்குகூட அவர் உதட்டில் இல்லை. பேப்பர் நனைந்து போனாலும் பசை விடாது, அதை எடுக்கும் மருந்து என்னிடம் மட்டும்தான் இருந்தது.

நான் கூப்பிட்ட ஆம்புலன்ஸ் வருவதற்குள் டைரக்டர் எல்லாரையும் கூப்பிட்டு, இந்த ஆள் வேடிக்கை பார்க்க வந்தவன் என்று சொல்லச் சொன்னார். வலியை உலகம் பார்க்க வேண்டும் என்று அழுதவர் வாய்தான் அது. சீ என்று ஆகிவிட்டது. ஆம்புலன்ஸில் வந்தவரிடம் நான் உள்ளதைச் சொன்னேன், மத்தியானத்திலிருந்து வெயிலில் கிடந்தார், நாங்கள்தான் தண்ணீர் கொடுக்கவில்லை என்று. இன்னும் அரை மணி நேரம் விட்டிருந்தால் உயிர் போயிருக்கும் என்றார் அவர். அன்றிலிருந்து டைரக்டர் என்னோடு பேசுவதில்லை. ஒரே ஒரு தடவை மெசேஜ் அனுப்பினார், கடைசிப் படத்தில் இருக்கிறவர் யார், அசலான முகம், போஸ்டருக்கு வேண்டும் என்று. நான் அனுப்பவில்லை. காறித் துப்பலாம் போலிருந்தது, ஆனால் அவர் மேல் மட்டும் துப்பி என்ன செய்ய?

செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனேன். செல்வராசு எழுந்து உட்கார்ந்திருந்தார். மன்னிச்சிடுங்க என்றேன், அவர் அதைக் காதிலேயே வாங்கவில்லை, பாட்டில் கொண்டுவந்த அண்ணன் யார் என்றுதான் கேட்டார். ஃபோனைக் கொடுத்தேன். விரலால் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"இவர்தான்கா. பேப்பரெல்லாம் உரிச்சுவிட்டு, கொஞ்சம் கொஞ்சமா முழுசையும் எனக்கே ஊத்திட்டாரு, அவர் ஒரு வாய்கூடக் குடிக்கல" என்றார். அப்புறம் என் முகத்தைப் பார்த்துக் கேட்டார். "அக்கா, அவருக்கு யாரு தண்ணி குடுத்தா?"

அந்த வேன் சாவியைப் படப்பிடிப்பு அன்றைக்கே திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஆனால் இன்றைக்கும் பார்லரில் லிப்ஸ்டிக் போட்டு முடித்த கல்யாணப் பெண் யாராவது தண்ணீர் கேட்டால், என் கை முதலில் என் பைக்குள் போய்ச் சாவியைத் தேடுகிறது.