செண்பகம் வீட்டு மனோரஞ்சிதம்

செண்பகம் போய்விட்டாள். காலையில் அவள் மகள் போன் செய்து சொன்னாள். திருநெல்வேலி ஆஸ்பத்திரியிலிருந்து ஆம்புலன்ஸ் மதியத்துக்குள் தென்காசி வந்துவிடுமாம்.

அடுத்த வீட்டுக்காரி. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து சுவருக்கு அந்தப் பக்கமே இருந்தவள்.

அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதிலிருந்து வீடு பூட்டிக் கிடக்கிறது. கொல்லையில் மனோரஞ்சிதம் நிற்கிறது. இந்த வெயிலுக்கு அதற்கு யார் தண்ணீர் ஊற்றியிருப்பார்கள்? இத்தனை நாளும் எனக்கு இதே நினைப்புதான்... யார் என்ன நினைத்தாலும் சரி.

அது என் செடி. இன்றைக்கும் சொல்வேன்.

ஐம்பதுகளின் கடைசி. எனக்குக் கல்யாணமான புதிது. சீசனுக்குக் குற்றாலம் போன இடத்தில் ஒரு தோட்டத்தில் கேட்டு வாங்கிய கன்றுதான் இதன் தாய்ச்செடி. எல்லோரும் அருவியில் குளித்தார்கள். நான் கன்று வாடிவிடுமோ என்று ஈரத்துணியைச் சுற்றிக்கொண்டு கரையிலேயே நின்றேன். பஸ்ஸிலும் மடியில்தான்.

செடி வளர்க்க எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. சாகவிட்டுச் சாகவிட்டுக் கற்றுக்கொண்டேன்.

மனோரஞ்சிதத்தில் பதியம் போட்டவர்களுக்குத் தெரியும். தாழ்ந்த கிளையை வளைத்து, பட்டையைச் சீவி, மண்ணில் புதைத்து, மேலே கல்லை வைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். வேர் விட்டதா என்று தோண்டிப் பார்த்தால் போச்சு. அப்படித் தோண்டியே முதல் இரண்டைக் கொன்றேன்.

மூன்றாவதைத் தொடவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு சாரல் காலம் முழுக்கக் காத்திருந்தேன். ஒரு நாள் காலையில் போய்ப் பார்த்தால் கல் இருக்கிறது... கிளையைக் காணோம்.

எங்கள் தெருவில் ஒரு நம்பிக்கை. கேட்டு வாங்கின செடி தழைக்காதாம், தெரியாமல் எடுத்து வைத்தால்தான் பிடிக்குமாம். நான் கேட்டு வாங்கிய கன்று ஆளுயரத்துக்குப் பூத்து நின்றதைக் கண்ணால் பார்த்துக்கொண்டே இதையும் நம்பினார்கள்.

சுவரோரம் போய்க் கேட்டேன். "ஏட்டி செண்பகம், நான் போட்ட பதியம் எங்க?"

"எனக்கென்னக்கா தெரியும்? ஒங்க மாடு தின்னுருக்கும்."

என் லெட்சுமி வாயில்லா ஜீவன். அதன் மேல் பழியைப் போட்டாள். சரி, இனி உன்னிடம் பேச்சில்லை, மாட்டிடமே பேசிக்கொள்கிறேன் என்று முடிவு செய்தேன். அன்றைக்கு நிறுத்திய பேச்சுதான்.

கொஞ்ச நாளில் அந்தக் கிளை ஓட்டை வாளி ஒன்றில், துவைகல் பக்கத்தில் நிற்பது சுவருக்கு மேலே தெரிந்தது. எனக்குக் கோபம் ஒரு பக்கம், பதைப்பு ஒரு பக்கம். வேர் சரியாகப் பிடிக்குமுன் வெட்டியிருக்கிறாள். சோப்புத் தண்ணீர் வேறு தெறிக்கிறது. பிழைக்குமா?

"ஏ லெட்சுமி, களவாண்டது களவாண்டாச்சு, சோப்புத் தண்ணி படாம நெழல்லயாவது வைக்கப்புடாதா? இலை சுருளுது, கண்ணு தெரியலையோ?" என்று மாட்டுக்குச் சத்தமாகச் சொன்னேன்.

மறுநாள் பார்த்தால் வாளி கிணற்றடி நிழலுக்குப் போயிருந்தது.

அதன் பிறகு எல்லாமே இப்படித்தான். நான் மாட்டிடம் சொல்வேன், அவள் பூனையிடம் பதில் சொல்வாள். வாளியிலிருந்து எப்போது தரையில் நடுவது, தொழு உரம் எப்போது போடுவது, எந்தக் கிளையை நறுக்குவது, எல்லாம்.

அவள் தலைப்பிள்ளை உண்டாகியிருந்தபோது செடியும் முதல் பூ பூத்தது. மனோரஞ்சித வாசனைக்குப் பாம்பு வரும் என்று அவள் மாமியார் அரிவாளோடு கொல்லைக்கு வந்துவிட்டார். செண்பகம் மாமியாரை எதிர்த்துப் பேச முடியுமா? நான் இந்தப் பக்கத்திலிருந்து குரலை உயர்த்தினேன்.

"லெட்சுமி, இதே வாசத்துலதான் நான் ரெண்டு பிள்ளைய வளக்கேன். பாம்பு பூவுக்கா வருது? எலிக்கு வருது. எலி நெல்லுக்கு வருது. அப்ப மொதல்ல நெல்லுக் குதிர வெட்டச் சொல்லு."

அந்த அம்மாள் என்னைத் திட்டிய திட்டு தெரு முனை வரை கேட்டது. ஆனால் அரிவாள் உள்ளே போய்விட்டது.

பிறகு நான் மூன்றாவது பிரசவத்துக்குக் கீழப்பாவூரில் அம்மா வீட்டில் இருந்தபோது, இங்கே மச்சினர் அறை கட்டுகிறேன் என்று தாய்ச்செடியைத் தூரோடு எடுத்துவிட்டார். கைப்பிள்ளையோடு வந்து பார்த்தால் சுவர்தான் நிற்கிறது. அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. அது தனிக் கதை.

மறுநாள் காலை மதில் மேல் ஒரு வாழை இலைக் கிழிசலில் பழுத்த பூ ஒன்று. "பூனை, யாரு வச்சான்னு கேட்டா, தெரியாதுன்னு சொல்லு" என்று அந்தப் பக்கம் குரல்.

பூக்கிற காலமெல்லாம் வைத்தாள். என் செடியிலிருந்து எனக்கு ஒரு பூ. எடுத்ததை ஒரு நாளும் ஒப்புக்கொள்ளவில்லை. நானும் விடவில்லை. கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன்.

மாடு போனது, எங்கள் கிணற்றுக்கு மோட்டார் வந்தது. நான் மோட்டாரிடம் பேசினேன்.

இத்தனை நாளும் மோட்டாரைப் போட்டுவிட்டுச் சத்தம் போட்டுக்கொண்டே இருந்தேன். "செடிக்குத் தண்ணி ஊத்த ஆளில்லையா? இலை கொட்டுதே." பூட்டின வீடு, யார் காதில் விழும்?

இப்போது மகள் வந்து கதவைத் திறந்தாள். ஆம்புலன்ஸ் இன்னும் வரவில்லை. குடத்தைத் தூக்கிக்கொண்டு நேராகக் கொல்லைக்குப் போனேன். அந்த வீட்டுக் கொல்லையில் நான் கால் வைத்தது இதுதான் முதல் தடவை.

மேலே குச்சி குச்சியாகக் காய்ந்து கிடக்கிறது. குனிந்து அடித்தண்டை நகத்தால் கீறிப் பார்த்தேன்.

ஏட்டி செண்பகம், உள்ள பச்சைதான். தண்ணி ஊத்திட்டேன். நீ போயிட்டு வா.