வலங்கைமானில் ஓர் உச்சி மாநாடு

வலங்கைமான் தாலுகா ஆபீசுக்கு எதிரே, டீக்கடை பெஞ்சில் கும்பகோணம் பஸ்ஸுக்குக் காத்திருக்கிறேன். மணி பத்தே கால். கையிலுள்ள செய்தித்தாளில், உலகப் பொருளாதார ஒத்துழைப்பு மாநாட்டுக்கு வந்த தலைவர்கள் வரிசையாக உட்கார்ந்து சிரிக்கிறார்கள். எதிரே ஆபீசில் அறுவடைக் கூலிப் பேச்சுவார்த்தை நடக்க வேண்டும், இன்னும் தொடங்கவில்லை. வயலில் கதிர் முற்றிச் சாய்ந்து கிடக்கிறது. கிழக்கே மேகம் கறுத்திருக்கிறது.

கூலியாட்கள் சார்பில் பேச வந்த பாக்கியம் என்ற பெண், ஆபீசிலிருந்து கோபமாக வந்து என் பேப்பரை எட்டிப் பார்க்கிறார்.

"யாருங்க இவங்கல்லாம்?"

"பணக்கார நாடு, ஏழை நாடு, எல்லா நாட்டுத் தலைவர்களும்தாம்மா."

"ஏழை நாட்டுக்காரங்களுக்கும் நாற்காலி போட்டிருக்காங்களே! இங்க மிராசுதாருங்க மூணு பேருக்குத்தான் நாற்காலியாம். நாங்க நின்னுக்கிட்டே பேசணுமாம்."

"மழை வருது அக்கா, சட்டுனு பேசி முடிங்க" என்கிறார் டீக்கடைக்காரர்.

"உக்காந்தாத்தான் பேச்சு. சார், கொஞ்சம் எந்திரிங்க."

எழுந்துகொள்கிறேன். அவருடன் வந்த இருவர் பெஞ்சைத் தூக்கிக்கொண்டு சாலையைக் கடக்கிறார்கள். பாக்கியம் என் செய்தித்தாளோடு முன்னால் நடக்கிறார்.

ஐந்து நிமிடத்தில் பேச்சுவார்த்தை தொடங்கிவிடுகிறது. ஜன்னல் வழியே பார்க்கிறேன். பெஞ்ச் நாற்காலிகளைவிட நாலு அங்குலம் உயரம். மிராசுதார்கள் மூவரும் அண்ணாந்து பேசுகிறார்கள்.