நாற்பதாவது கை

வேளச்சேரியில் நாங்கள் இருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பில் போன ஞாயிற்றுக்கிழமை கூட்டம் போட்டார்கள். கார் நிறுத்தும் இடத்தில் நாற்பத்தெட்டு பிளாஸ்டிக் நாற்காலிகள். அதில் இரண்டுக்குக் கால் சரியில்லை. அதில் ஒன்று எனக்கு வாய்த்துவிடுமோ என்ற பயத்தில் பத்து நிமிஷம் முன்னாலேயே போய் உட்கார்ந்துகொண்டேன். தரையைப் பினாயில் விட்டுத் துடைத்திருந்தார்கள். எனக்கு அந்த நெடி ஆகாது. அடுக்குத் தும்மல் வரும். சராசரி ஏழு.

வீட்டு வேலைக்கு வருகிறவர்கள் இனி லிஃப்டில் ஏறக் கூடாது, படியில்தான் போக வேண்டும் என்று தீர்மானம். "மாமா, நீங்க கணக்கு வாத்தியார். கையை எண்ணிச் சொல்லிடுங்கோ" என்றார் செயலாளர். எழுந்து நின்றேன். கைகள் ஏறின. பினாயில் நெடியும் தூக்கிய கைகளும் ஒரே சமயத்தில் வந்தால் எனக்கு எண்ணிக்கை தடுமாறும். காரணத்தை உங்களிடம் சொல்லிவிடுகிறேன். வீட்டில் சொன்னதில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் மயிலாப்பூரில் ஓர் ஆண்கள் பள்ளியில் கணக்கு வாத்தியார் நான். வேலையில் சேர்ந்து நான்காவது வருஷம். பத்தாம் வகுப்புக்கு வகுப்பாசிரியர். மற்றவர்கள் பிரம்பு வைத்திருந்தார்கள், நான் வைத்துக்கொள்ளவில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம். என் வகுப்பில் எதுவானாலும் கை எண்ணிக்கைதான். சுற்றுலா வண்டலூரா மாமல்லபுரமா, கை தூக்கு. லீடர் யார், கை தூக்கு. ஜன்னல் கண்ணாடியை உடைத்தது யார் என்பதற்கும் அதே கை. இத்தனை பேர் சேர்ந்து எப்படிப் பொய் சொல்வார்கள் என்று ஆசிரியர் அறையில் வாதாடியிருக்கிறேன். கணக்குப் படித்தவன் பேசுகிற பேச்சா அது என்று யாரும் கேட்கவில்லை.

அந்த வகுப்பில் ஏழுமலை என்று ஒரு பையன். அடையாற்றங்கரைக் குடிசைகளிலிருந்து வருவான். பாலத்தின் மேல் பஸ் நிற்கும்போதெல்லாம் அந்தக் குடிசைகளை எண்ணப் பார்ப்பேன். நூற்றுப்பன்னிரண்டு வரை வந்ததும் பஸ் நகர்ந்துவிடும். அவனுடைய சிநேகிதன் சீனு, மாடவீதிப் பக்கம். அப்பா இல்லை, பள்ளிச் சம்பளத்தில் பாதிச் சலுகையோடு படித்தான். ஒரு புகார் வந்தாலும் சலுகை போய்விடும் என்று சேர்க்கும்போதே அவன் அம்மாவிடம் எழுதி வாங்கியிருந்தார்கள். இரண்டு பேரும் ஒரே சைக்கிளில் வருவார்கள். இரண்டு பேருக்கும் ஒரே ஜியோமெட்ரி பாக்ஸ். வட்டம் போடச் சொன்னால் ஒருவன் போட்டு முடிக்கும்வரை மற்றவன் காத்திருப்பான். ஆளுக்கொரு கவராயம் வேண்டும் என்று மூன்று முறை எச்சரித்திருக்கிறேன்.

அந்த ஐப்பசியில் ஆறு குடிசைக்குள் வந்துவிட்டது. ஏழுமலையின் நோட்டுகளெல்லாம் நனைந்து, காய்ந்து, அப்பளம் மாதிரி நெளிந்துவிட்டன. சேற்று வாடை போகவில்லை. அவன் உள்ளே வந்தால் பிரகாஷும் அவன் கூட்டாளிகள் மூன்று பேரும் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொள்வார்கள்.

"டேய், ஆறு வருதுடா. ஜன்னலத் தெற."

"மச்சி, மீன் இருந்தா ரெண்டு குடேன்."

வகுப்பு சிரிக்கும். ஒரு வாரத்தில் அவனோடு பெஞ்சில் உட்கார சீனுவைத் தவிர ஆளில்லை. நானே அவனை ஜன்னலோரம் மாற்றி உட்கார வைத்தேன். காற்றோட்டத்துக்காக என்று சொல்லிக்கொண்டேன். பிரகாஷ் என் செல்லப் பிள்ளை என்பதையும் சொல்ல வேண்டும். கணக்கில் நூற்றுக்கு நூறு, தொடர்ந்து ஐந்து பரீட்சை.

ஒரு நாள் மதிய இடைவேளையில் அந்த நாலு பேரும் கழிவறைப் பினாயிலை எடுத்து வந்து ஏழுமலையின் பையில் ஊற்றினார்கள். "கழுவி உட்டோம் நைனா, இனிமே நாறாது" என்று பிரகாஷ் சொல்லியிருக்கிறான். ஏழுமலை பையைத் தலைகீழாகப் பிடித்து வடியவிட்டானாம். சீனுதான் வெளியே போனான். வராந்தா துடைக்கிற ஆயாவின் வாளியைத் தூக்கி வந்து, அதில் மிச்சமிருந்த பினாயில் தண்ணீரைப் பிரகாஷின் பை, புத்தகம், மடி என்று பார்த்துப் பார்த்து ஊற்றினான். ஊதினால் பறக்கிற பையன் அவன். அந்த வாளியை எப்படித் தூக்கினானோ.

இதெல்லாம் பிறகு எனக்குத் தெரிந்தது. நான் வகுப்புக்குள் நுழைந்தபோது பிரகாஷ் நனைந்த சட்டையோடு நின்றுகொண்டிருந்தான்.

"ஏழுமல ஊத்திட்டான் சார்."

ஏழுமலை மேல் ஏற்கெனவே இரண்டு புகார். வெள்ளை ஷூ இல்லை என்று ஒன்று. நோட்டு ஒழுங்காக இல்லை என்று இன்னொன்று, அது நான் எழுதியது. மூன்றாவது புகாருக்கு டி.சி. கொடுத்து அனுப்பிவிடுவது பள்ளியின் வழக்கம். வகுப்பில் எல்லோருக்கும் அது தெரியும்.

எனக்குத் தும்மல் தொடங்கிவிட்டது. சீக்கிரம் முடிக்க வேண்டும். "ஏழுமலை ஊத்தினதைப் பார்த்தவங்க கை தூக்குங்க" என்றேன்.

பிரகாஷ் திரும்பி வகுப்பை ஒருமுறை பார்த்தான். கைகள் ஏறின. வரிசை வரிசையாக எண்ணினேன். வந்திருந்தவர்கள் நாற்பத்துநாலு பேர். கைகள் முப்பத்தொன்பது. மூன்று பேர் பெஞ்சைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சீனு எழுந்து முன்னால் வந்தான். "நான்தான் சார் ஊத்தினேன்."

"முப்பத்தொன்பது பேர் பார்த்திருக்காங்க. நீ ஒருத்தன் சொல்றே."

"என் கைய மோந்து பாருங்கோ சார்." இரண்டு உள்ளங்கைகளையும் என் முகத்துக்கு நேரே நீட்டினான்.

நான் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு ஓரடி பின்னால் போனேன். தும்மலுக்காகத்தான். வகுப்பு சிரித்தது.

அப்போது ஜன்னலோரம் ஒரு கை ஏறியது. ஏழுமலை.

"நானுந்தான் பாத்தேன் சார். நான்தான் ஊத்துனேன்."

"இன்னாடா பேசற நீ" என்று சீனு கத்தினான். மாடவீதிப் பிள்ளைக்கு அந்தப் பாஷை ஏழுமலையிடமிருந்து வந்தது.

"உட்ரு சீனு. உங்கம்மா இன்னா பண்ணும், சொல்லு."

அவன் கை இறங்கவில்லை. நான் எண்ணி முடிக்கட்டும் என்று காத்திருந்தது போல இருந்தது. நானும் எண்ணினேன். நாற்பது. புகார்த் தாளில் அந்த எண்ணை எழுதினேன்.

மறுநாள் ஏழுமலையின் அம்மா வந்து டி.சி. வாங்கிக்கொண்டு போனாள். கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று கேட்டாள், காட்டினேன். வாசலில் சீனு ஜியோமெட்ரி பாக்ஸை ஏழுமலையின் பைக்குள் திணித்தான். அவன் எடுத்துத் திருப்பிக் கொடுத்தான். இவன் மறுபடி திணித்தான். மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று தடவை இப்படிப் போய்வந்து கடைசியில் அது பைக்குள்ளேயே நின்றது.

நாலு நாள் கழித்து வராந்தாவைத் துடைத்துக்கொண்டிருந்த ஆயா தலை நிமிராமல் சொன்னாள். "அந்த அய்ரு புள்ளதான் சார் வாளியத் தூக்கிக்கினு போச்சு. நான் பாத்தேன்."

"அன்னிக்கே சொல்றதுக்கென்ன?"

"என்ன யாரு சார் கேட்டா? பசங்களத்தான கை தூக்கச் சொன்னீங்க."

தலைமையாசிரியர் அறை அங்கிருந்து இருபத்தாறு தப்படி. போயிருக்கலாம். போனால் சீனுவின் பெயரை எழுத வேண்டும், நாற்பது என்று எழுதியது தப்பென்று ஒப்புக்கொள்ள வேண்டும். இதில் எதற்காகப் போகவில்லை என்று இன்றுவரை எனக்கே தீர்மானமாகத் தெரியாது. சீனுவுக்காக என்று சொல்லத்தான் ஆசை.

அதன்பின் சீனு கவராயம் கொண்டுவரவேயில்லை. அரையாண்டுத் தேர்வில் வட்டத்தைக் கையால் வரைந்திருந்தான். கோணல் வட்டம். இரண்டு மதிப்பெண் குறைத்தேன்.

கூட்டத்தின் கதையைப் பாதியில் விட்டுவிட்டேன். முப்பத்தொரு கைகள். "எண்றவா தூக்க வேண்டாம் மாமா" என்று செயலாளர் சொல்லியிருந்தார், சௌகரியமாகப் போயிற்று. தரையைத் துடைத்த பெண் வாளியோடு லிஃப்ட் வாசலில் நின்றிருந்தாள். செயலாளரிடம் எண்ணைச் சொன்னேன். அவள் படிக்கட்டுப் பக்கம் திரும்பினாள். என் வீடு வரைக்கும் நாற்பத்தாறு படி.

ஆற்றங்கரையில் இப்போது கம்பி வேலி, உள்ளே புல். குடிசைக்காரர்களை ஊருக்கு வெளியே எங்கோ கொண்டுபோய் வைத்துவிட்டார்கள். பாலத்தின் மேல் பஸ் எவ்வளவு நேரம் நின்றாலும் நூற்றுப்பதின்மூன்றாவது வீட்டுக்கு வழியில்லை. போன மாதம் பழைய மாணவர்கள் அந்த வருஷத்து வகுப்புப் புகைப்படத்தை வாட்ஸ்அப்பில் போட்டார்கள். டி.சி. கொடுத்த பிறகு எடுத்த படம். 'ஃபுல் கிளாஸ்' என்று பிரகாஷ் எழுதியிருந்தான். கீழே வரிசையாகக் கட்டை விரல்கள். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இரண்டு தடவை எண்ணினேன். நாற்பத்துமூன்று. சீனு கடைசி வரிசை ஓரத்தில், பக்கத்தில் ஒரு ஆள் நிற்க இடம் விட்டு நிற்கிறான்.