கடைசி பஸ்ஸுக்காக விட்டு வந்த கார் ரேஸ்

தகரக் கூரையில் மழை சடசடவென்று அடிக்கிறது. உள்ளே ஸ்பீக்கரில் பத்துக் கார்கள் ஒன்றாக உறுமுகின்றன. ஈர ஸ்வெட்டர் வாசம், வறுத்த கடலை வாசம்... பதுளையில் ஞாயிற்றுக்கிழமை இரண்டரை மணி ஷோ என்றால் எனக்கு இன்றைக்கும் இதுதான் ஞாபகம் வரும்.

அப்போது டவுனில் ஒரு தையல் கடையில் வேலை செய்தேன். எங்கள் தேயிலைத் தோட்டம் தெமோதரைக்கு மேலே, மலையில். ஞாயிற்றுக்கிழமை கடைசி பஸ் ஐந்தரைக்கு. படம் முடிவதோ ஐந்தே முக்காலுக்கு.

விளங்குகிறதா? எங்கள் தோட்டத்து ஆட்கள் ஒருவர்கூட எந்தப் படத்தின் முடிவையும் பார்த்ததில்லை! கிளைமாக்ஸ் வரும்போது யாராவது மணியைப் பார்த்து ஒரு விசில் அடிப்பார்கள். அரைவாசித் தியேட்டர் எழும்பி ஓடும்.

அன்றைக்கு ஓடியது ஒரு கார் ரேஸ் படம். காதல் படமும்தான். ஹீரோ ரேஸ் டிரைவர், ஒரு தடவை அடிபட்டுப் பிழைத்தவன். வெளிநாட்டில் பெரிய ரேஸ் காத்திருக்கிறது. இனிமேல் கார் ஓட்டினால் என்னை மறந்துவிடு என்கிறாள் ஹீரோயின்.

நானும் கூட வேலை செய்த ஸ்டெல்லாவும் போயிருந்தோம். பின் வரிசையில் "தற்செயலாக" ரவி உட்கார்ந்திருந்தார். எங்கள் தோட்டத்துக் கொழுந்து லொறி டிரைவர். வளைவில் அவர் லொறியைத் திருப்புகிற அழகைப் பார்ப்பதற்காகவே வேலைக்குப் போகிற பஸ்ஸை நான் தவறவிட்டிருக்கிறேன். அது அவருக்குத் தெரியாது என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்...

அவருக்கு கட்டாரில் டிரைவர் வேலை வந்திருந்தது. மறுநாள் திங்கட்கிழமை ஏஜென்ட்டிடம் பாஸ்போர்ட்டைக் கொடுக்க வேண்டும். போகவா, வேண்டாமா என்று ஒரு வாரமாக என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தார். நான் வாயையே திறக்கவில்லை. போங்க என்றால் போய்விடுவார். போகாதீங்க என்றால் காலம் முழுக்க அந்த லொறிதான். எதைச் சொல்வது?

இடைவேளையில் கடலைச் சுருளை நீட்டிக்கொண்டே சொன்னார்.

"சரி, நீ சொல்ல வேணாம். ஹீரோ ரேஸ் ஓட்டினான்னா நானும் போறேன். எறங்கி வந்துட்டான்னா நானும் இங்கேயே இருக்கேன்."

"வெளையாடுறீங்களா?"

"சத்தியமாத்தான் சொல்றேன்."

அதற்குப் பிறகு நான் எங்கே படம் பார்த்தேன்? அந்த ஹீரோவின் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். காருக்குள் போகிறதா, வெளியே வருகிறதா...

கடைசி ரேஸ். கார்கள் வரிசையாக நிற்கின்றன. ஹெல்மெட்டுக்குள் அவனுடைய கண் மட்டும். வேலிக்கு அந்தப் பக்கம் அவள் அழுதுகொண்டு நிற்கிறாள். சிவப்பு விளக்கு எரிகிறது...

விசில்!

"ஏய், அஞ்சே கால் ஆயிருச்சு! பஸ்ஸு! பஸ்ஸு!"

பாழாய்ப்போன பஸ்! அதை விட்டால் எனக்கு வேறு வழியில்லை. அப்பா தோலை உரித்துவிடுவார். ரவிக்கு அந்தப் பயம் இல்லை, நடந்தே வந்துவிடுவார்.

"நீங்க இருந்து பாத்துட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு ஸ்டெல்லா கையைப் பிடித்துக்கொண்டு ஓடினேன்.

கொட்டுகிற மழை. ஒரு செருப்பு அறுந்தது. அதைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடினேன். உண்மையில் அன்றைக்கு ரேஸ் ஓடியது நாங்கள்தான்! ஏறி மூச்சு விடுவதற்குள் பஸ் புறப்பட்டது. கூடவே ஓடி வந்து ஒரு ஆள் மிதிபலகையில் தாவினார். பார்த்தால், ரவி!

"பாக்கலையா?"

"நீ மழையில ஓடுற... எனக்கு என்னத்துக்குப் படம்?"

அறுந்த செருப்பை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

எங்கள் படங்களுக்கெல்லாம் முடிவு கட்டுவது அந்த பஸ்தான். "இன்னைக்கு எந்த எடத்துல விட்டுட்டு வந்தீங்க?" என்று கண்டக்டர் ஆரம்பித்து வைப்பார். அவ்வளவுதான், பஸ் இரண்டாகப் பிரிந்துவிடும். ஓட்டுவான் என்று ஒரு பக்கம், இறங்குவான் என்று ஒரு பக்கம், ஒரே கத்தல். கண்டக்டர் என்னைப் பார்த்தார்.

"தங்கச்சி என்ன சொல்லுது?"

எங்கிருந்து அந்தத் தைரியம் வந்ததோ! ரவியைப் பார்த்துக்கொண்டே சத்தமாகச் சொன்னேன்.

"அவன் ஓட்டணும். ஓட்டிட்டுத் திரும்பி வரணும். எத்தன வருஷமானாலும் அவ நின்னுக்கிட்டுத்தான் இருப்பா."

பஸ்ஸே கை தட்டியது. படத்துக்கு என்று நினைத்துத்தான் தட்டினார்கள். ரவி மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

திங்கட்கிழமை பாஸ்போர்ட்டைக் கொடுத்தார். நான்கு வருடம் கட்டார். போன் கார்டில் ஐந்து நிமிடம் பேச்சு, அதிலும் பாதி "கேக்குதா, கேக்குதா". வந்தார், கல்யாணம் நடந்தது. இப்போது எல்ல டவுனில் சொந்த வேனில் டூரிஸ்ட் ஆட்களை ஏற்றி இறக்குகிறார்.

போன ஞாயிறு மகள் டிவியில் ஏதோ பழைய படம் போட்டாள். பார்த்தால் அதே கார், அதே வேலி! சிவப்பு விளக்கு எரிந்ததும் என் வீட்டுக்காரர் சோபாவை விட்டு எழும்பி நின்றுவிட்டார். பழக்கதோஷம்! நான் சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"ரெண்டு பேருக்கும் என்ன ஆச்சு?" என்றாள் மகள்.

பிறகு உட்கார்ந்து முடிவைப் பார்த்தோம்.

ஹீரோ ஹெல்மெட்டைக் கழற்றினான். காரை விட்டு இறங்கினான். வேலியைத் தாண்டிப் போய் அவளைக் கட்டிக்கொண்டான்.

மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த படம் தேட ஆரம்பித்துவிட்டாள். இப்போதெல்லாம் எல்லாப் படத்துக்கும் முடிவு பார்க்கிறோம். சண்டை போடத்தான் ஒரு பஸ் ஆட்கள் இல்லை.

"எறங்கிட்டானே..." என்றேன் மெதுவாக. "அன்னைக்கு இருந்து பாத்திருந்தா நீங்க போயிருக்க மாட்டீங்க."

"மாட்டேன்."

"அப்ப ஓடுனது நல்லதா, கெட்டதா?"

"வேன் கெடச்சுச்சு. ஒன்னோட இருக்க வேண்டிய அந்த நாலு வருஷந்தான் கெடைக்கல."

டீ போட எழும்பிக் குசினிக்குப் போனேன். திரும்பிப் பார்த்தால் பின்னாலேயே வந்து நிற்கிறார் மனுஷன்... அன்றைக்கு பஸ்ஸுக்கு ஓடி வந்த மாதிரியே.