காலிக் கட்டிலின் நாடி

நர்சிங் படிக்க விழுப்புரம் வந்த முதல் வாரமே, சங்கவியின் பெட்டியிலிருந்து கருவாட்டு வாசனை வருகிறதென்று ஹாஸ்டல் பெண்கள் மூக்கைப் பொத்தினார்கள். மரக்காணம் பக்கத்துக் கடலோரக் குப்பத்துப் பெண்ணின் பெட்டியில் வேறென்ன இருக்கும், மல்லிகைப்பூவா? அவள் ஒளித்து வைக்கவில்லை. அம்மா பவுனு வறுத்துக் கொடுத்த நெத்திலி டப்பாவைத் திறந்து அறை நடுவில் வைத்தாள். மூக்கைப் பொத்திய கைகளெல்லாம் டப்பாவுக்குள் போயின.

படிப்புதான் அவளைப் பாடாய்ப் படுத்தியது. தமிழில் படித்து வந்தவளுக்கு எலும்புகளின் ஆங்கிலப் பெயர்கள் வாயில் நுழையவே இல்லை. அதோடு காலையில் வார்டில் நாற்பது படுக்கைக்கும் காய்ச்சலும் நாடியும் பார்த்து எழுத வேண்டும். ஒரு நாள் நேரம் போதவில்லை. கடைசிப் பத்துப் பேரின் கையைத் தொடாமலே, நாடி எழுபத்திரண்டு என்று வரிசையாகப் போட்டுவிட்டாள். யார் கண்ணையும் உறுத்தாத, ஆரோக்கியமான எண். ஆனால் முப்பத்தாறாம் படுக்கைக்காரர் முந்தின சாயங்காலமே வீட்டுக்குப் போய்விட்டிருந்தார். காலிக் கட்டிலுக்கு நாடி பார்த்த மகராசி! அன்றிலிருந்து படிப்பு முடியும்வரை அவள் பெயர் ‘எழுபத்திரண்டு’தான். குளியலறையில் உட்கார்ந்து அழுதாள். அழுது முடித்ததும், விரல் வைத்து எண்ணாத எண்ணை இனி எழுதுவதில்லை என்று முடிவு செய்தாள். மற்றவர்கள் கால் நிமிடம் எண்ணி நாலால் பெருக்கினார்கள். அவள் முழு நிமிடம் எண்ணினாள்.

திண்டிவனத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்து நாலு வருஷமாகியும் அந்தப் பழக்கம் போகவில்லை. “நீ ஒரு கை புடிக்கிறதுக்குள்ள நான் மயிலம் போய் சாமி கும்புட்டு வந்துடுவேன்” என்று கூட வேலை பார்க்கும் கிளாரா கிண்டல் செய்வாள்.

போன ஐப்பசியில் கூட்டேரிப்பட்டு விவசாயி பெரியதம்பிக்குக் குடலிறக்க ஆபரேஷன் நடந்தது. மதியம் ஒரு மணிக்கு அவர் நாடி நூற்றுப் பத்து. ஒன்றரைக்கு நூற்று முப்பது, ரத்த அழுத்தமும் இறங்கிவிட்டது. உள்ளே ரத்தம் கசிகிறதென்று சங்கவிக்குப் பயம் வந்துவிட்டது. டாக்டருக்கு மூன்று முறை போன் செய்தாள். மூன்றையும் நேரத்தோடு சார்ட்டில் எழுதினாள். அந்த மனுஷன் வந்து சேர்ந்தது மூன்றே காலுக்கு. அப்புறம்தான் ஆம்புலன்ஸ், பாண்டிச்சேரி எல்லாம். ஆயுசு கெட்டி, பெரியதம்பி பிழைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை மேனேஜர் இருதயராஜ் ஒரு வெற்றுச் சார்ட்டை அவள் முன்னால் வைத்தார்.

“பெரியதம்பி பையன் வந்து கேள்வி கேட்டுக்கினு நிக்கிறான், ஒரே பேஜாரு. ஜல்தியா புதுசா ஒண்ணு எழுதிக் குடும்மா. மூணு மணி வரிக்கும் நாடி எழுபத்திரண்டுன்னு போடு. போன் பண்ணதெல்லாம் எழுதாத.”

அந்த எண்ணைக் கேட்டதும் சங்கவிக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. அப்படி எழுதினால் டாக்டர் தப்பித்துவிடுவார். ரத்தக் கசிவைக் கவனிக்காத, ஒரு போன்கூடச் செய்யாத நர்ஸ் என்று அவள் தலையில்தான் விடியும்.

“எழுத மாட்டேன் சார்.”

“வேலை வேணாமா உனக்கு?”

“வேணும் சார். கஷ்டப்பட்டுப் படிச்சு வந்த வேலை. எண்ணாத எழுபத்திரண்ட ஒரு தடவ எழுதிட்டு நல்லா வாங்கிக் கட்டிக்கினேன். இன்னொரு தடவ என் கை எழுதாது.”

“அப்ப பழச கிழிச்சிட்டு வேற ஆள வச்சி எழுதிக்கிறேன்.”

“கிழிங்க. பாண்டிச்சேரி டாக்டருக்குத் தெரியணுமேன்னு நேத்தே ஜெராக்ஸ் எடுத்து ஆம்புலன்ஸ்ல அனுப்பிட்டேன்.”

சங்கவி அந்த வெற்றுச் சார்ட்டை இழுத்துத் தேதியும் நேரமும் போட்டாள். ‘நேற்றைய குறிப்பை மாற்றி எழுதச் சொன்னார்கள். மறுத்துவிட்டேன்’ என்று எழுதி, கையெழுத்தும் பதிவு எண்ணும் சேர்த்து அவர் கையிலேயே கொடுத்தாள்.

பத்து மணி ஆகியிருந்தது. வார்டுக்குப் போய் முதல் படுக்கைக்காரரின் மணிக்கட்டைப் பிடித்தாள். பின்னாலேயே வந்த மேனேஜர், “இங்க வாம்மா, கொஞ்சம் பேசணும்” என்றார்.

அவள் கடிகாரத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“நில்லுங்க சார். எண்ணிக்கினு இருக்கேன்.”

முழு நிமிடமும் அவர் நின்றார்.