எழுபத்தோராவது நிமிடம்

மைதானத்தில் எல்லோருக்கும் அவள் விசிலக்கா. வாரத்தில் ஆறு நாள் தபால் அலுவலகத்தின் பின்பக்க ஹாலில் நின்றுகொண்டே கடிதங்களைப் பிரித்துத் தெருவாரியாகப் பெட்டிகளில் போடுகிற வேலை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் கறுப்புச் சட்டை, கறுப்பு அரைக்கால் சட்டை, கழுத்தில் விசில். உள்ளூர் கால்பந்து லீகில் ஒரே பெண் நடுவர் அவள்தான்.

"வாரம் பூரா கடுதாசி பிரிக்கிற, ஞாயித்துக்கிழமை சண்டை பிரிக்கிற. உனக்கு ஓய்வே கிடையாதா?" என்று அவள் கணவன் கேலி செய்வான். பேருந்து பணிமனையில் மெக்கானிக். ஆனாலும் அவளுடைய பூட்ஸ் கயிறு நைந்துபோனால் சொல்லாமலே புதுசு வாங்கிக் கோத்து வைக்கிறவன் அவன்தான்.

ஆண்கள் விளையாடும் ஆட்டத்துக்கு நாற்பத்திரண்டு வயசுப் பொம்பளை நடுவரா என்று ஆரம்பத்தில் முணுமுணுத்தார்கள். ரெண்டே மாசத்தில் வாயை மூடிக்கொண்டார்கள். அடிபடாமலே அடிபட்டதுபோல விழுந்து புரளுகிறவர்களை அவள் பிடிக்கிற பிடி அப்படி. யாராவது விழுந்து துடித்தால் பக்கத்தில் போய்க் குனிந்து, "எழுந்திரு தம்பி, புல்லு அழுக்காகுது" என்பாள். பார்க்கிறவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் விளையாடியவர்களில் ஒருவனுக்குப் பட்டப்பெயரே ரப்பர். ஜன்னல் கிரில் செய்யும் பட்டறையில் வெல்டர். இருபத்துநாலு வயசு. தொட்டால் விழுவான், விழுந்த வேகத்தில் எழுந்து ஓடுவான். பட்டறை அவனுடைய அண்ணனுடையது. அதே அணியின் கோல்கீப்பரும் அண்ணன்தான். அப்பா இல்லாத வீடு என்பதால் தம்பியை வளர்த்ததும் கிட்டத்தட்ட அவன்தான்.

முதல் பாதியில் ரப்பர் எதிரணியின் கோலுக்குப் பக்கத்தில் யாரும் தொடாமலே விழுந்து மூன்று முறை உருண்டான். விசிலக்கா மஞ்சள் அட்டையைக் காட்டினாள். "அக்கா, சத்தியமா தள்ளினான்!" என்று தலையில் கை வைத்துக்கொண்டான். "காத்து தள்ளியிருக்கும், போ" என்றாள் அவள்.

எழுபத்தோராவது நிமிடம். ரப்பரின் அணி ஒரு கோல் முன்னால் இருந்தது. பந்து மைதானத்தின் மறுகோடியில். ரப்பர் நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் தனியாக, மெதுவாக ஓடிக்கொண்டிருந்தான். சுற்றிலும் பத்தடிக்குள் ஒருத்தரும் இல்லை. அப்படியே விழுந்தான்.

அவள் அதைக் கடைக்கண்ணால் பார்த்தாள். ஜெயிக்கிற அணி நேரத்தைக் கடத்தப் பார்க்கிறது என்றுதான் முதலில் தோன்றியது. 'மறுபடியும் ஆரம்பிச்சுட்டான்.' ஆட்டத்தை நிறுத்திவிட்டு, பையிலிருந்து மஞ்சள் அட்டையை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு அவனை நோக்கி நடந்தாள். ஓடவில்லை. நடந்தாள்.

பாதி தூரத்தில்தான் அவளுக்கு உறைத்தது. நடிக்கிறவன் கையை ஊன்றித்தான் விழுவான். இவனுடைய ரெண்டு கையும் உடம்புக்கு அடியில் மாட்டிக் கிடந்தன. கன்னம் மண்ணில் பதிந்திருந்தது. கண் திறந்திருந்தது. அதன்மேல் ஒரு ஈ உட்கார்ந்தும் இமை அசையவில்லை.

அட்டை கையிலிருந்து எங்கே விழுந்ததென்று அவளுக்குத் தெரியாது. ஓடினாள். அவனைப் புரட்டி மல்லாக்கப் போட்டாள். "ரப்பர்! டேய்! கேக்குதா?" தோளைப் பிடித்து உலுக்கினாள். பதில் இல்லை.

போன மழைக்காலத்தில் லீக் நடுவர்களுக்கு ஒருநாள் முதலுதவிப் பயிற்சி நடந்தது. ஒரு நர்ஸ் பிளாஸ்டிக் பொம்மையோடு வந்திருந்தாள். பாதிப் பேர் டீ குடிக்கப் போய்விட்டார்கள். விசிலக்கா மட்டும் கடைசிவரை இருந்து முட்டி நோக அந்தப் பொம்மையை அமுக்கினாள். அது இப்போது கைக்கு வந்தது.

"ஆம்புலன்ஸுக்குப் போன் போடுங்க! ஒருத்தர் போடுங்க, எல்லாரும் போடாதீங்க!" என்று கத்திவிட்டு, கொடி பிடிக்கும் நடுவரைப் பார்த்தாள். ரொட்டிக்கடையில் வேலை செய்கிற கனத்த மனுஷன். "பக்கத்து நீச்சல்குளத்து ஆபீஸ் சுவத்துல இதயத்துக்கு ஷாக் குடுக்குற மெஷின் மாட்டியிருக்கு. ஓடுங்கண்ணே!"

ஆஃப்சைடு பார்க்கக்கூட வேகமாக ஓடாத ஆள் அவர். கொடியை வீசி எறிந்துவிட்டு அம்பு மாதிரிப் பாய்ந்தார்.

அவள் ரப்பரின் நெஞ்சின் நடுவில் ஒரு கையின்மேல் இன்னொரு கையை வைத்து அமுக்க ஆரம்பித்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. அப்போது அவன் வாய் திறந்து ஒரு பெரிய இழுப்பு இழுத்தது. கொஞ்சம் கழித்து இன்னொன்று.

"மூச்சு விடுறான்! மூச்சு விடுறான்!" என்று சுற்றி நின்றவர்கள் கத்தினார்கள். "தண்ணி கொண்டாங்க!" என்றான் ஒருவன்.

அந்த நர்ஸ் சொன்னது அவளுக்கு ஞாபகம் வந்தது. மீன் மாதிரி வாயைத் திறந்து திறந்து மூடினால் அது மூச்சு இல்லை, அதை நம்பிக் கையை எடுத்துவிடாதீர்கள்.

"யாரும் தண்ணி ஊத்தக்கூடாது! இது மூச்சு இல்ல!"

அதற்குள் அண்ணன் கோல் கம்பத்திலிருந்து ஓடி வந்துவிட்டான். அவள் அமுக்கியபோது நெஞ்சுக்குள் ஏதோ 'மளுக்'கென்று முறிந்தது. பக்கத்தில் நின்ற எல்லோருக்கும் கேட்டது.

"எலும்பை உடைக்கிறீங்க! அவன்தான் மூச்சு விடுறானே, விடுங்க அவனை!" கையுறை போட்ட கையால் அவள் தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்தான். அவள் சாய்ந்துவிட்டாள். ஒரு கணம் நெஞ்சின்மேல் யார் கையும் இல்லை.

அவள் எழுந்து முழங்காலிட்டு மறுபடியும் கையை வைத்தாள். அவன் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள். "உன் தம்பி செத்துக்கிட்டிருக்கான். எலும்பு ஒட்டும், உயிர் ஒட்டாது. கையுறையைக் கழட்டு. எதிர்ல உக்காரு. எனக்குக் கை சோர்ந்தா நீதான் அமுக்கணும்."

அவன் கையுறைகளைப் பல்லால் கடித்து இழுத்துக் கழற்றிவிட்டு எதிரே மண்டியிட்டான்.

முப்பதுக்குமேல் எண்ணும்போது அவளுக்கு மூச்சு வாங்கியது. யாரோ ஒருவன் அவளோடு சேர்ந்து எண்ண ஆரம்பித்தான். பிறகு இன்னொருவன். கொஞ்ச நேரத்தில் ரெண்டு அணியும் சேர்ந்து எண்ணிக்கொண்டிருந்தன. சற்றுமுன் ஒருவரையொருவர் திட்டிக்கொண்டவர்கள்.

"இப்ப நீ" என்று நகர்ந்தாள். அண்ணன் கையை வைத்தான். மாவு பிசைகிறவன்போல மெதுவாக அமுக்கினான்.

"பத்தாது. இன்னும் கீழே போகணும்."

"முடியலக்கா."

"முடியும். கம்பி வளைக்கிற கைதானே? அமுக்கு."

அவன் அழுதுகொண்டே அமுக்கினான். ரப்பரின் உதடு நீலமாகிக்கொண்டு வந்தது. அந்த இழுப்பும் நின்றுவிட்டது.

நீச்சல்குளத்துக் காவலாளி, கையெழுத்துப் போடாமல் மெஷினைத் தரமாட்டேன் என்று நின்றதாகப் பிறகு தெரிந்தது. கொடி நடுவர் அதற்குமேல் பேசிக்கொண்டிருக்கவில்லை. சுவரிலிருந்து பிடுங்கிக்கொண்டு ஓடிவந்தார். பின்னால் பதிவேட்டோடு காவலாளி. மைதானத்துக்குள் வந்து கீழே கிடப்பவனைப் பார்த்ததும் காவலாளி பதிவேட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவனும் எண்ண ஆரம்பித்துவிட்டான்.

மெஷினைத் திறந்ததும் ஒரு பெண் குரல் நிதானமாகப் பேசியது. சுற்றிலும் இத்தனை பேர் பதறும்போது அந்த நிதானம் எரிச்சலாக இருந்தது. விசிலக்கா அதனோடு இருந்த கத்தரியால் அவன் சட்டையைக் கத்தரித்தாள். வியர்வையைத் துடைத்தாள். மெஷினின் வயரில் இருந்த ஒரு பட்டையை வலது தோள் எலும்புக்குக் கீழே ஒட்டினாள், இன்னொன்றை இடது விலாப்பக்கம்.

"யாரும் தொடாதீங்க! விலகுங்க!"

அண்ணன் தம்பியின் காலைப் பிடித்துக்கொண்டிருந்தான். அவள் விசிலை வாயில் வைத்து ஊதினாள். இத்தனை வருஷப் பழக்கம், சட்டென்று கையை எடுத்துவிட்டான். அவள் பொத்தானை அமுக்கினாள்.

உடம்பு ஒருமுறை தூக்கிப் போட்டது. ஒன்றும் நடக்கவில்லை. மறுபடியும் அமுக்கச் சொன்னது அந்தக் குரல். அவள் அமுக்கினாள், பிறகு அண்ணன், பிறகு கொடி நடுவர். ரெண்டு நிமிடம். ரெண்டாவது தடவை ஷாக் கொடுத்துவிட்டு மறுபடி அமுக்கிக்கொண்டிருந்தபோது ரப்பரின் வலது கை எழுந்து அவள் மணிக்கட்டைத் தட்டிவிடப் பார்த்தது, தூக்கத்தில் கொசுவை விரட்டுவதுபோல. அவன் முனகினான்.

ஆம்புலன்ஸ் கேட்டுக்குள் திரும்பிக்கொண்டிருந்தது. அவள் கையில் கட்டியிருந்த ஆட்டக் கடிகாரத்தை நிறுத்த மறந்திருந்தாள். அது எண்பத்துநாலு காட்டியது.

வீட்டுக்கு வந்தபிறகு அவளால் டம்ளரைப் பிடிக்க முடியவில்லை. கணவன்தான் டீயை ஆற்றிப் பிடித்துக் குடிக்க வைத்தான். "நீ காப்பாத்திட்டியாமே, ரொட்டிக்கடைக்காரர் சொன்னார்" என்றான். அவள் தலையை ஆட்டினாள். மஞ்சள் அட்டையைப் பற்றிச் சொல்லவில்லை. பிழைத்தானா என்றே இன்னும் தெரியாது. மயக்கத்தில் வைத்திருக்கிறார்கள், மூளைக்கு ரத்தம் போகாமல் இருந்த நேரம் எவ்வளவு என்பதைப் பொறுத்துத்தான் எதுவும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம்.

எவ்வளவு நேரம்? அதில் நான் நடந்த நேரம் எவ்வளவு? ரெண்டு நாள் அவள் மண்டைக்குள் ஓடியது இது ஒன்றுதான். கடிதங்கள் தப்பான பெட்டிகளுக்குள் போயின. பக்கத்தில் நிற்கும் கிளார்க் சத்தமில்லாமல் எடுத்து மாற்றிப் போட்டுக்கொண்டே இருந்தார்.

மூன்றாம் நாள் அண்ணன் போன் செய்தான். "கண்ணைத் திறந்துட்டான்க்கா. என் பேரைச் சொன்னான்." மேற்கொண்டு பேச்சு வராமல் வைத்துவிட்டான்.

அவள் ஆஸ்பத்திரிக்குப் போனபோது அம்மாவும் அண்ணனும் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தார்கள். ரப்பர் சிரித்தான், உடனே விலாவைப் பிடித்துக்கொண்டான். "எத்தனை எலும்புக்கா உடைச்சீங்க?"

இதயத்தின் சுவர் பிறவியிலேயே தடிமன் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பட்டறையில் ரெண்டு தடவை மயங்கி விழுந்ததை அவன் வெயில் என்று மறைத்திருக்கிறான். இவர்களுடைய அப்பா முப்பத்தாறு வயசில் பீரோவைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறும்போது விழுந்து இறந்தவர். அப்போது யாரும் காரணம் தேடவில்லை. இது குடும்பத்தில் வருவது என்பதால் அண்ணனையும் சோதித்துப் பார்த்தார்கள். அவனுக்கும் அதே.

விசிலக்கா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். "உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். நீ விழுந்தப்ப நான் ஓடி வரல. நீ நடிக்கிறன்னு நெனச்சு கார்டை எடுத்துக்கிட்டு நடந்து வந்தேன். பத்துப் பன்னெண்டு செகண்ட் இருக்கும்."

ரப்பர் கூரையைப் பார்த்தான். "எனக்கு அன்னிக்கு ஒண்ணுமே ஞாபகம் இல்லக்கா. காலைல பல்லு தேச்சது மட்டும்தான் ஞாபகம் இருக்கு."

பேசியது அண்ணன். "நீங்களாவது தெரியாம நடந்து வந்தீங்க. நான் அமுக்கிக்கிட்டிருந்த உங்களையே பிடிச்சு இழுத்தேனே. அந்த செகண்டை நான் யார்கிட்ட போய்ச் சொல்றது?"

அம்மா ரப்பரின் போர்வையை இழுத்துச் சரிசெய்தாள். அழவில்லை. கணவனை நினைத்திருப்பாளோ என்னவோ.

அடுத்த மாதம் லீக் கூட்டத்தில் விசிலக்கா எழுந்து நின்றாள். மெஷின் கோட்டோரம் இல்லாமல் ஆட்டம் தொடங்கமாட்டேன் என்றாள். "அப்படி எந்த விதியில இருக்கு?" என்று கேட்டார் செயலாளர். "விதியில இல்லைங்க. விசில் என்கிட்ட இருக்கு" என்றாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மெஷின் வர நாற்பது நிமிடம் ஆனது. வெயிலில் இருபத்திரண்டு பேரும் அவளைத் திட்டிக்கொண்டே காத்திருந்தார்கள். அவளும் நின்றாள்.

அண்ணன் விளையாடுவதை நிறுத்திவிட்டான். மாத்திரையோடு போகிறது அவனுக்கு. ரப்பரின் தோளுக்குக் கீழே சின்னதாக ஒரு கருவியை வைத்துத் தைத்திருக்கிறார்கள், இதயத் துடிப்பு தடம் மாறினால் அது உள்ளிருந்தே ஷாக் கொடுக்கும். அதோடு வெல்டிங் பக்கம் போகக்கூடாது, மின்சாரத்தில் கருவி குழம்பிவிடும் என்றார்கள். ஓட்டமும் போனது, தொழிலும் போனது. ரெண்டு மாசம் யாரோடும் பேசாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான் என்று அம்மா வருத்தப்பட்டாள்.

ஆறு மாசம் கழித்து, விசிலக்காவின் வீட்டு மாடி ஜன்னலுக்குக் கிரில் போட ஆள் கேட்டிருந்தபோது, வந்து நின்றவன் அவன்தான். காதில் பென்சில், கையில் அளவு டேப். இப்போது பட்டறைக்கு அளவெடுப்பதும் வடிவம் வரைவதும் அவன் வேலையாம். படியில் பாதியில் ஒரு நிமிடம் நின்றுவிட்டு ஏறினான். அவள் அவனையே உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இப்படியெல்லாம் பாக்காதீங்கக்கா, எனக்கே பயமா இருக்கு" என்றான். ஜன்னல் சட்டத்தின்மேல் டேப்பை இழுத்துப் பிடித்தான். "ஒரு பேப்பர் எடுங்க. அகலம் மூணே கால் அடி. எழுதிக்கிட்டீங்களா?"